எம்-2 முடிந்து எம்-3 தொடங்கும் வரை: ஆங்கி செயலியுடன் சில கோடை விடுமுறைகள்

மும்பைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பவர்களுக்கு எம்-2 (இரண்டாம் பருவக் கணிதத் தாள்) தேர்வு முடிந்து எம்-3 (மூன்றாம் பருவக் கணிதம்) வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு கோடை விடுமுறை வந்துவிடுகிறது. தாராவியிலிருந்தும் ஆன்டாப் ஹில்லிலிருந்தும் என்னிடம் கணக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் அந்த வாரங்களில் ஊருக்குப் போய்விடுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை இருக்கும், கல்யாணம் இருக்கும், பாட்டி காத்திருப்பாள். போகத்தான் வேண்டும். திரும்பி வந்து லாப்லாஸ் உருமாற்றத்தைத் தொடங்கும்போது சிக்கல் வெளியே வரும். "லாப்லாஸ் ரொம்பக் கடினம் டீச்சர்" என்பார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் லாப்லாஸ் வரிகளெல்லாம் சரியாகவே இருக்கும். நேர்மாறு உருமாற்றம் காணப் பகுதிப் பின்னங்களாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் பேனா நின்றிருக்கும். பகுதிப் பின்னமோ பன்னிரண்டாம் வகுப்புச் சரக்கு.

இந்த இடைவெளிக்காகத்தான் 2020 ஊரடங்குக் காலத்திலிருந்து ஆங்கி என்ற அட்டைச் செயலியை (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை) பிள்ளைகளுடன் சேர்ந்து பயன்படுத்திவருகிறேன். கூடவே கான் அகாடமி இணையப் பாடங்களையும், காகித அட்டைகளையும், ஒரு கட்டணச் செயலியையும் முயன்று பார்த்தோம். இத்தனை விடுமுறைகளுக்குப் பிறகு ஆங்கியைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் பெரும்பாலானோர் பயன்படுத்தும் விதத்தில் அல்ல.

விடுமுறையில் பிள்ளைகள் எதை மறக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சூத்திரம் மறந்துபோகும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சூத்திரத்தை ஒரு மாலையில் மீட்டுவிடலாம். ஒரு மாணவி சொன்னது எனக்கு இன்றும் பாடமாக இருக்கிறது: "டீச்சர், சூத்திரமெல்லாம் தெரிகிறது. எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்பதுதான் தெரியவில்லை." மே மாதத்தில் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்தவுடன் இது நேரியல், இது சரிநிலை என்று சொன்னவள் அவள். ஜூலையில் அந்தக் கண் போய்விட்டது. விடுமுறையில் காக்க வேண்டியது இந்தக் கண்ணைத்தான்.

மறதியைப் பற்றிப் பேசும் எல்லோரும் 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் வெளியிட்ட மறதி வளைகோட்டைக் காட்டுவார்கள். அவர் தன்மீதே சோதித்துப் பார்த்தது பொருளற்ற அசைகளை வைத்து. கணக்கு அப்படிப்பட்டதல்ல. எனக்கு அதைவிட உதவியது 2007-இல் ரோரரும் டெய்லரும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு. சில திண்ம உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்கள் 89 விழுக்காடும், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துச் செய்தவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து செய்தவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள். நம் வழிகாட்டி நூல்கள் எல்லாமே பிரித்துத்தான் கொடுக்கின்றன. "பயிற்சி 4: பகுதித் தொகையிடல்" என்று தலைப்பே முறையைச் சொல்லிவிடும்போது, முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலை மாணவருக்கு இல்லாமலே போகிறது.

ஆங்கி கலந்து கேட்கும். அதுதான் அதன் முதல் பெருமை. 2006-இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட இந்தச் செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் விலை உண்டு. நீங்கள் எழுதிவைக்கும் ஒவ்வொரு அட்டையையும் மறக்கப்போகும் தருணத்தைக் கணித்து மறுபடி காட்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை நாள் தள்ளி வரும், தவறினால் விரைவில் வரும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்துபோகும் பிள்ளைக்கு இது பெரிய வசதி.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அட்டைக்கட்டுகளை இறக்கிக்கொண்டால் ஒன்றும் நடக்காது. அவை சூத்திரம் கேட்கும், சூத்திரம் சொல்லும், முடிந்தது. எங்கள் அட்டைகளில் முன்பக்கம் ஒரு முழுக் கணக்கு இருக்கும். கேள்வி ஒன்றே ஒன்று: முதல் அடி என்ன, ஏன்? மடக்கை எக்ஸைத் தொகையிடச் சொல்லும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் பிள்ளைகள் திகைப்பார்கள். பின்பக்கத்தில், "1 என்பதை இரண்டாவது காரணியாக வைத்துப் பகுதித் தொகையிடல், மடக்கையை வகையிட்டால் எளிதாகிவிடுகிறது என்பதால்" என்று இருக்கும். முழு விடை அட்டையில் இருக்காது. அன்றைய அட்டைகளில் ஏதேனும் இரண்டை நோட்டில் கடைசி வரை போட்டுப் பார்ப்பது மட்டும் கட்டாயம். ஆங்கியில் எனக்குள்ள பெரிய குறையே இதுதான்: கையால் போட்ட கணக்கை அதற்குப் பார்க்கத் தெரியாது. நோட்டு இல்லாமல் அட்டை மட்டும் புரட்டிய பிள்ளைகள் ஜூலையில் முதல் அடியைச் சரியாகச் சொல்லிவிட்டு மூன்றாவது வரியில் குறியைத் தவறவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அட்டை ஒன்று உண்டு. சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து, பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டும். எம்-2 முடித்த மாணவர், அடுக்குக்குறிச் சார்பு ஒன்றைப் பெருக்கி, அதிலுள்ள மாறிலியைப் பொறுத்துத் தொகைக்குறிக்குள் வகையிட்டு, π/2 என்ற விடைக்கு வருவார். எம்-3 தொடங்கியபின் இதே அட்டை மறுபடி வரும். இப்போது லாப்லாஸ் வழியாக இரண்டு மூன்று வரிகளில் அதே விடை வந்துவிடும். அந்த வியப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால் எம்-2 அதற்குப் பிறகு எளிதில் மறப்பதில்லை. பாரிக்கும் ஹாலும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருங்கிய ஒன்றைக் காட்டியது: பள்ளியில் இயற்கணிதம் படித்ததோடு நிற்காமல் கல்லூரியில் நுண்கணிதத்துக்கும் அதற்கு மேலும் போனவர்களுக்கு, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த இயற்கணிதம் பெரும்பாலும் நினைவில் இருந்தது. ஆகவே அட்டைகளில் பழைய பாடத்தைப் புதிய பாடத்துக்குள் எங்கே பயன்படுத்துகிறோம் என்று காட்டும் கணக்குகளைத் தேடித் தேடிப் போடுகிறேன்.

அமைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கைவிடுவது இங்கேதான். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று ஆங்கி தானாக வைத்திருக்கும். கணக்குக்கு அது மிக அதிகம், ஐந்து போதும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அதைப் பூச்சியமாக்கிவிடச் சொல்வேன். அப்படிச் செய்தால் பழைய அட்டைகள் மட்டும் வரும். அவையும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். கொடை நாட்களில் திறக்காமல் விட்டாலும் மலைபோல் குவியாது. இந்த ஒரு மாற்றம்தான் எங்கள் பிள்ளைகளை விடுமுறை முழுவதும் செயலியில் நிறுத்தியது.

2023-இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணிப்பு முறையும் ஆங்கிக்குள்ளேயே கிடைக்கிறது. பழைய முறை 1987-இல் சூப்பர்மெமோ என்ற நினைவுப் பயிற்சி மென்பொருளுக்காக எழுதப்பட்டதன் வழிவந்தது. புதியதற்கு மாறியபின் நன்கு தெரிந்த அட்டைகள் அடிக்கடி வந்து சலிப்பூட்டுவது குறைந்தது. எத்தனை விழுக்காடு நினைவிருக்க வேண்டும் என்று அதில் நாமே சொல்லலாம். 90 என்று இருப்பதை அப்படியே விடுங்கள். நல்ல மதிப்பெண் வேண்டும் என்று 97-க்கு ஏற்றும் பிள்ளைகளுக்கு அட்டைகள் பல மடங்கு கூடி, ஒரே வாரத்தில் வெறுத்துவிடும். இன்னொன்று: விடை மறந்துபோனால் 'எகெய்ன்' பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். கூச்சப்பட்டு 'ஹார்ட்' அழுத்துகிறார்கள். ஹார்ட் என்றால் 'கஷ்டப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன்' என்றே செயலி எடுத்துக்கொள்ளும்; அதன் பிறகு அதன் கணிப்பே கோணலாகிவிடும்.

மொத்தம் எட்டு முறை தவறும் அட்டையை ஆங்கி 'லீச்' என்று குறித்து ஒதுக்கிவைக்கும். பல பயனர்கள் இதைத் தொல்லை என்பார்கள். ஆசிரியருக்கு இது பொக்கிஷம். ஜூலை முதல் வாரத்தில் ஒவ்வொருவரின் லீச் பட்டியலையும் வாங்கிப் பார்ப்பேன். இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றும் கணக்குகள் ஒருவனுக்கு எல்லாமே லீச் ஆகியிருந்தன. விசாரித்தால் அவனுக்குப் பரவளையத்தை வரையவே வரவில்லை. தொகையீட்டைத் தொடாமல் ஒரு மாலை முழுக்கப் படம் மட்டும் போட்டோம், அட்டைகள் நகர ஆரம்பித்தன.

அட்டை தயாரிப்பது உழைப்புதான். கணினியில் மேத்ஜாக்ஸ் முறையில் சமன்பாடுகளைத் தட்டச்சு செய்துவிடலாம்; செல்பேசியில் அது கண்ணைக் கட்டும் வேலை. நோட்டில் கையால் எழுதிப் படம் எடுத்து ஒட்டுவது போதுமானது. தன் கையெழுத்தில் இருக்கும் அட்டையைப் பிள்ளைகள் இன்னும் விருப்பத்தோடு பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன்.

வீட்டில் ஒரே செல்பேசியைப் பலர் பகிரும் குடும்பங்களுக்குக் காகித அட்டைகளும் மூன்று இனிப்புப் பெட்டிகளும் கொடுக்கிறேன். சரியானால் அடுத்த பெட்டிக்கு, தவறினால் முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். ஜெர்மனியில் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. ஒரு விடுமுறைக் காலத்துக்கு ஆங்கிக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேருபவர்களின் நிலை வேறு. எம்-1, எம்-2 வகுப்பில் உட்காராமலே எம்-3-க்கு வந்துவிடுகிறார்கள். மறக்காமல் காக்க அவர்களிடம் இன்னும் எதுவும் இல்லை என்பதால் அட்டை உதவாது. அவர்களுக்குக் கான் அகாடமிதான். 2008-இல் சல்மான் கான் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு அது, பாடங்களும் பயிற்சிகளும் இலவசம். பின்னம், மடக்கை, முக்கோணவியல், ஒரு மாறி நுண்கணிதம் ஆகியவற்றுக்கு அதன் பயிற்சிக் கணக்குகள் மிகச் சிறப்பானவை. தவறினால் படிப்படியாக வழிகாட்டும். பீட்டா, காமா சார்புகளுக்கு அங்கே போய்ப் பயனில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் இணைய விரிவுரைகள் ஆழமானவை. விடுமுறையில் அவற்றை முழுதாகப் பார்த்து முடித்த பிள்ளை என்னிடம் குறைவு. பெயர் சொல்ல விரும்பாத அந்தக் கட்டணச் செயலியில் எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்விகள். தொடர்ந்து வந்த நாட்களுக்குப் பதக்கம் கொடுத்தது. பிள்ளைகள் பதக்கத்துக்காக ஊகித்துத் தொட்டார்கள். நிறுத்திவிட்டோம்.

எம்-2-இல் கேட்டி விழுந்தவர்கள் (தாளில் தவறி, மறுபடி எழுத வேண்டியவர்கள்) எம்-3 அட்டைகளைத் தனிக்கட்டாக வைக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம், ஒரே கட்டில் வையுங்கள். இரண்டு தாள்களும் கலந்து வரும்போதுதான் முதல் அடியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் திரும்புகிறது. நான் சொன்ன பாடப்பிரிவுகள் பல்கலைக்கழகத்தின் 2019 பாடத்திட்டமான சி-ஸ்கீமைச் சேர்ந்தவை. அதில் எம்-3-இன் கலப்பெண் சார்புகள் நேரே எம்-4-இன் கலப்பெண் தொகையீட்டுக்குள் போகின்றன. அந்த இடைவெளிக்கான கட்டை இப்போது தயாரித்துவருகிறேன். கோஷி-ரீமன் சமன்பாடுகளில் தொடங்கியிருக்கிறேன்.