கட்டை போட்டாச்சா? எங்கள் கேரவனோடு நான்கு வருடம்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் இந்த வண்டி முதன்முதலாக வந்து நின்ற அன்று, "எந்த ஆர்ட்டிஸ்ட் வந்துகீறாரு?" என்று தெருப் பையன்கள் ஓடி வந்தார்கள். கேரவன் என்றாலே நம் ஊரில் ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெம்போ டிராவலர். மாதவரம் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் படுக்கை, சின்ன அடுப்படி, 12 வோல்ட் பேட்டரி எல்லாம் வைத்து மாற்றி, ஆர்.சி.யிலும் மாற்றத்தை ஏற்றிக்கொண்டோம். நான்கு வருடமாக ஓடுகிறது. பழவேற்காடு, ஏலகிரி, கொல்லிமலை என்று அம்மா, மனைவி, பையனோடு போய்த் தங்கி வருகிறோம்.

வாங்க நினைக்கிறவர்கள் கேட்பதெல்லாம் மைலேஜ், ஏசி, பாத்ரூம். எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. வண்டி நல்ல வண்டியா என்பது ஓடும்போது தெரியும், நீங்கள் நல்லபடியாகத் தூங்குவீர்களா என்பது நிறுத்திய முதல் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். அந்த அரை மணியில் எதை முதலில் செய்கிறோம், எதை அப்புறம் செய்கிறோம் என்ற வரிசையில்தான் எங்கள் பாதுகாப்பு மொத்தமும் இருக்கிறது.

அப்பா ஹார்பர் லாரி ஓட்டியவர். வண்டி நின்றதும் அவர் கிளீனரிடம் கேட்கும் முதல் கேள்வி "கட்டை போட்டாச்சா?" என்பதுதான், சக்கரம் உருளாமல் தடுக்க வைக்கும் கட்டை. பதில் வரும்வரை சீட்டை விட்டு இறங்க மாட்டார். எங்கள் வண்டியிலும் அதே சட்டம். கட்டை போடும்வரை பின்னால் யாரும் எழுந்து நடக்கக் கூடாது, அம்மா உட்பட.

அதற்கு முன்னால் இடம் பார்க்க வேண்டும். தென்னை மரத்தடியில் நிறுத்தவே மாட்டேன். காய்ந்த மட்டை விழுந்தால்கூட கூரைக்கு வேட்டு. மழைத்தண்ணீர் ஓடிய தடம் தெரிந்தால் அங்கேயும் வேண்டாம். இடம் பிடித்ததும் வண்டிக்குள் தரையில் ரசமட்டம் வைக்கிறோம், கொத்தனார் வைத்திருக்கும் அதே சாதாரண ரசமட்டம். அடுப்பு மேடையில் வைத்துப் பார்த்தால் மேடையின் கோணல்தான் தெரியும், அதனால் தரைதான் சரி. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் பலகை போட்டு, வண்டியை மெதுவாக அதன் மேல் ஏற்றுவோம். காசிமேட்டில் படகு வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மீந்த தேக்குத் துண்டுகள் வாங்கி, ஒரு முனையைச் சரிவாகச் சீவி வைத்திருக்கிறேன். முதல் வருடம் வாங்கிய பிளாஸ்டிக் சரிவுக் கட்டை வெயிலில் விரிந்து உடைந்துபோனது. தேக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

பலகை மேல் ஏறியதும் ஹேண்ட் பிரேக். இறக்கத்தைப் பார்த்து நிற்கிறது என்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்து நிற்கிறது என்றால் முதல் கியர். அப்புறம் கட்டை. தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் வைத்து, காலால் ஒரு தட்டு தட்டி இறுக்குவோம். இப்போது இது பையன் வேலை. "அப்பா, நாலும் போட்டாச்சு" என்று அவன் சொன்ன பிறகுதான் நான் சாவியை எடுக்கிறேன்.

அடுத்தது நான்கு மூலையிலும் இருக்கும் திருகு ஜாக்கி. பலரும் தப்பு செய்வது இங்கேதான், நானும் செய்தேன். இந்த ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு இல்லை. உள்ளே நடக்கும்போது ஆடாமல் இருக்க, தரையைத் தொட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பின் பக்கம் தாழ்ந்திருக்கிறதே என்று அதை வைத்துத் தூக்கினால், ஹேண்ட் பிரேக் பிடிக்கும் பின் சக்கரம் மண்ணை விட்டு எழும்பிவிடும். அதோடு பிரேக்கும் போச்சு.

பழவேற்காடு பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பில் தங்கியிருந்தோம். ஐப்பசி மாதம். நான் ஜாக்கி நான்கையும் நன்றாக முறுக்கி, வண்டி லேசாகத் தூக்கி நிற்கும்படி விட்டிருந்தேன். அடியில் பலகை வைக்கவில்லை, மணல் காய்ந்து கெட்டியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா எழுப்பினார்: "இன்னாடா இது, கதவு தொறக்க மாட்டேங்குது." பக்கவாட்டுக் கதவு கைப்பிடி திரும்புகிறது, கதவு அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சட்டத்தின் மேல் மூலையில் விரல் நுழையும் இடைவெளி, கீழ் மூலையில் இரும்போடு இரும்பு உரசி நிற்கிறது. பின் மூலை ஜாக்கி ஒன்று நனைந்த மணலில் இறங்கி, பாடி முறுக்கிக்கொண்டது. பின் கதவு வழியாகத்தான் வெளியே வந்தேன். அதற்கும் முன்னால் அடுக்கியிருந்த பைகளை இருட்டில் இழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த ஐந்து நிமிடம் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. நெருப்பு பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு ரொம்ப நாள் போகவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜாக்கிக்கும் அடியில் ஓரடி சதுர மரைன் பிளைவுட் துண்டு. கை இறுக்கத்தில் தரையைத் தொட்டதும் அரைச் சுற்று, அதற்கு மேல் கிடையாது. இறக்கி முடித்ததும் எல்லாக் கதவையும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்க்கிறோம். பின் கதவை மறைத்து எதையும் வைப்பதில்லை.

கரண்ட் விஷயத்தில் நம் பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டு முகாம்களில் கேரவனுக்கென்றே மின் கம்பம் நட்டிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் பண்ணை வீட்டுச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்தான். ஒரு தோட்டத்தில் ஒயரைச் செருகிவிட்டு ஈரக் கையோடு படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தேன், சுர்ரென்று இழுத்தது. அந்தப் பிளக்கில் எர்த் பேருக்குக்கூட இல்லை. இப்போது மூன்று விளக்கு உள்ள பிளக் டெஸ்டர் ஒன்று கையோடு இருக்கிறது. எர்த் இல்லை என்று காட்டினால் இணைப்பே வேண்டாம், அன்று ராத்திரி பேட்டரியும் மின்விசிறியும் போதும். வண்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது. இணைத்ததும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்ப்போம். ஆனால் எர்த் இல்லாத இடத்தில் பாடியில் கரண்ட் ஏறினால், யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். அந்த யாராவது என் பையனாக இருக்கக் கூடாது.

இணைக்கும் வரிசையும் முக்கியம். உள்ளே எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஒயரை முதலில் வண்டியில் மாட்டி, கடைசியாகத்தான் சுவரில் செருக வேண்டும். கழற்றும்போது நேர்மாறு, சுவரில் முதலில். 25 மீட்டர் ஒயரைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். பாதிச் சுருளோடு ஏசி ஓட்டினால் உள்ளே இருக்கும் சுற்றுகள் சூடேறி உறை உருகும். ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், இட்லிப் பானை மூடி மாதிரி கொதித்தது.

கேஸ் 5 கிலோ சிலிண்டர். வெளிப்பக்கமாகத் திறக்கும் தனிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டிருக்கிறோம், பெட்டி அடியில் ஓட்டை. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அது வெளியேற வழி கீழேதான் இருக்க வேண்டும். கேஸ் அலாரத்தையும் அதனால்தான் முழங்காலுக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். ஓடும்போது வால்வு மூடியே இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி நின்றால், அடுப்பு பற்றவைக்கும் முன் ரெகுலேட்டரிலும் டியூப் கிளிப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் டீ கிடையாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி, அது தலைமாட்டுப் பக்கம். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழவே மாட்டார். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே படுக்காதீர்கள். குளிருக்கு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ஏசி இல்லாமல் வேர்க்கட்டும், பரவாயில்லை.

வண்டியோரம் நிழலுக்கு விரிக்கும் தார்ப்பாய்ப் பந்தல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடற்கரையில் படுக்கப் போகும் முன் சுருட்டிவிடுங்கள்.

எங்கள் பக்கம் கடல் பக்கத்திலேயே இருப்பதால், வண்டி சும்மா நின்றாலும் உப்புக்காற்று வேலை செய்கிறது. ஜாக்கித் திருகு, எர்த் கிளாம்ப், படிக்கட்டு கீல் மூன்றும் முதலில் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துருவைத் தேய்த்து கிரீஸ் வைக்கிறேன். அப்படியும் பின் பக்க ஜாக்கி இரண்டிலும் புரி தேய்ந்துவிட்டது, முறுக்கும்போது ஒரு இடத்தில் வழுக்குகிறது. இரண்டையும் மாற்றி, வீட்டு வாசலிலேயே இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பயணம். பையன் இப்போதே பிளைவுட் துண்டுகளுக்குப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டான்.