ஆறாத கால் புண்: தினக் கட்டா, அழுத்தக் கட்டா, காலுறையா, லேசரா?

அறுபதைத் தாண்டியவர்கள் காலில் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், வீட்டில் உடனே மருந்தை மாற்றுவார்கள். சிவப்பு மருந்து போய் வெள்ளைப் பவுடர் வரும், அப்புறம் மஞ்சள், வேப்பிலை, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன களிம்பு. காசிமேட்டில் மீன் விற்று நின்றே காலம் கழித்த அம்மாக்கள், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்கள் என்று வடசென்னையில் இப்படிப்பட்ட கால்கள் ஏராளம். என் மாமியாருடையதும் ஒன்று. பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டதில் எனக்குத் தெளிவானது இதுதான்: வெரிகோஸ் புண், அதாவது காலின் சிரைகளில் (நாம் நரம்பு என்று சொல்வது) ரத்தம் தேங்கி வரும் புண், ஆறுவது மேலே தடவும் மருந்தால் இல்லை, காலுக்குக் கொடுக்கும் அழுத்தத்தால்.

ஆனால் என்ன புண் என்று தெரியாமல் இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. கணுக்காலுக்கு மேலே, பெரும்பாலும் உள்பக்கம், சுற்றிலும் தோல் கறுத்து, கால் வீங்கி, நீர் வடிந்தால் அது வெரிகோஸ் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விரல் நுனியில் வந்து, ராத்திரி படுத்தால் வலித்து, காலைத் தொங்கப்போட்டால் வலி குறைந்தால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் காலை இறுக்கினால் காலுக்கே ஆபத்து. உள்ளங்காலில் வலியே தெரியாமல் குழியாக வருவது சுகர் புண். அதற்கு முக்கிய வைத்தியம் அந்த இடத்தில் பாரம் படாமல் பார்ப்பது. உணர்ச்சி மரத்த கால் அழுத்தம் பட்டே புண்ணாகிறது என்பதை வேலூரில் தொழுநோயாளிகளிடம் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட் அப்போதே எடுத்துச் சொன்னார். சுகர் கால் என்றால் ராயபுரத்திலேயே எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் பக்கம்தான்.

கட்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. கையில் பிரஷர் பார்ப்பது போலக் கணுக்காலிலும் பார்த்து, கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.8-க்குக் கீழே வந்தால் முழு அழுத்தம் கூடாது, 0.5-க்குக் கீழே அழுத்தமே கூடாது. பல வருஷமாகச் சுகர் உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக ஏறி நிற்கும். அவர்களுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் பார்ப்பது நல்லது. இதய பலவீனம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, வெரிகோஸ் புண்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது நான்கு வழி இருக்கிறது.

முதலாவது தெருமுனை கிளினிக்கின் தினக் கட்டு. ஒரு தடவைக்கு ஆகும் செலவு குறைவுதான், ஆனால் ஆட்டோவும் காத்திருப்பும் சேர்ந்தால் மாதக் கணக்கு வேறு மாதிரி வரும். அந்தக் காத்திருப்பு முழுக்கக் கால் தொங்கியபடியே இருக்கும், வீக்கம் கூடும். காய்ந்த காஸை உரிக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு ஓரத்தில் புதிதாக வளர்ந்த மெல்லிய ரோஸ் தோலும் வரும். நுரைக்கிற மருந்தை ஊற்றினால் சுத்தமாவது போலத் தெரியும், அது புது செல்களையும் சேர்த்து அழிக்கும். சலைன் தண்ணீர் போதும். சீழ் பிடித்திருக்கும்போதும் நீர் அதிகம் வடியும்போதும் தினம் பிரிப்பது அவசியம், மறுக்கவில்லை. அது அடங்கிய பிறகும் மாதக்கணக்கில் இதையே தொடர்வதுதான் வீண்.

இரண்டாவது அடுக்கு அழுத்தக் கட்டு. பஞ்சு உறை, அதன்மேல் கிரேப், அதன்மேல் இழுபடும் எலாஸ்டிக் கட்டு, கடைசியாகத் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் உறை. விரல்கள் தொடங்கும் இடத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றுவார்கள். கணுக்காலில் 40 மி.மீ. (பிரஷர் பார்க்கும் அதே பாதரச அளவு) அழுத்தம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். நரம்பின் வால்வு பழுதாகிக் கீழேயே தேங்கிய ரத்தத்தை, நடக்கும்போது கெண்டைக்கால் தசையும் இந்தக் கட்டும் சேர்ந்து மேலே தள்ளும். ஒரு வாரம் வரை பிரிக்க வேண்டாம். வெறும் கிரேப் பேண்டேஜை நாமே சுற்றினால் மதியத்துக்குள் தளர்ந்து கணுக்காலில் சுருண்டு கிடக்கும், அதை இதோடு சேர்க்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் உள்ளே அரிப்பு எடுக்கும். “காலு கனமா கீது, அவுத்துடும்மா” என்று அத்தை கெஞ்சிய ராத்திரிகள் உண்டு. கனமும் அரிப்பும் பொறுக்கலாம். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கட்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். குளிக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கவரால் காலை மூடிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் தெருவில் சாக்கடைத் தண்ணீர் நின்று கட்டு நனைந்துவிட்டால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள். எல்லாவற்றையும்விட, கட்டத் தெரிந்த கை வேண்டும். நான் பணம் செலவழிக்கச் சொல்வது அந்தக் கைக்குத்தான், விலையுயர்ந்த களிம்புக்கு இல்லை.

மூன்றாவது அழுத்தக் காலுறை. பிரிட்டனில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் இரண்டடுக்குக் காலுறையையும் நான்கடுக்குக் கட்டையும் ஒப்பிட்டார்கள். ஆறிய நாள் ஏறக்குறைய ஒன்றே, 99-ம் 98-ம். திரும்பப் புண் வந்தது காலுறையில் குறைவு, ஆனால் பாதியிலேயே அதை விட்டுவிட்டு வேறு முறைக்குப் போனவர்கள் அதிகம். காரணத்தை ஊகிக்க முடிகிறது. முதுகு வளையாத, கைவிரல் வாதத்தில் மடங்கிய ஒருவர் அந்த உறையைக் குதிகாலைத் தாண்டி ஏற்றுவது பெரும் பாடு. வீட்டில் தினம் காலையில் மாட்டிவிட ஆள் இருந்து, நீர் வடிவதும் குறைவாக இருந்தால் காலுறையே வசதி. தனியாக இருக்கும் பெரியவருக்கு வாரக் கட்டுதான் சரி.

நான்காவது லேசர் போன்ற முறைகளால் பழுதான நரம்பை அடைப்பது. முன்பு புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்பார்கள். 2018-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், அழுத்தக் கட்டோடு சீக்கிரமே நரம்பையும் அடைத்தவர்களுக்கு 56 நாளிலும், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாளிலும் புண் ஆறியது. வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். காப்பீட்டு அட்டையில் வருமா என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். லேசர் செய்தாலும் கட்டு கூடவே வேண்டும்.

எந்த வழியானாலும், நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் புண் சுருங்கவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். ஓரம் தடித்து மேடேறி, தொட்டால் ரத்தம் கசிந்தால் சதைப் பரிசோதனை கேளுங்கள். வருஷக்கணக்கில் ஆறாத புண் சில சமயம் புற்றாக மாறுவதுண்டு. ஆறிவிட்டாலும் காலுறையைக் கழற்றிப் போட்டுவிட முடியாது. அத்தை இன்றும் போடுகிறார். எலாஸ்டிக் தளர்ந்துவிடுவதால் ஆறு மாதத்துக்குள் புது ஜோடி வாங்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.