ஸ்டார் டிரெக் ப்ளூ-ரே: பழைய கப்பலா, புதிய கப்பலா? நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதையின் முதல் தொடரை டிஸ்க்கில் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். 2009இல் வந்த ப்ளூ-ரே தொகுப்பை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அதன் மறுபதிப்பை வாங்குங்கள். அதற்குச் சற்று முன்னால் வந்த 'ரீமாஸ்டர்டு' டிவிடி வேண்டாம். அந்த டிவிடியில் 2006 முதல் கணினியில் செய்த புதிய விண்வெளிக் காட்சிகள் மட்டும்தான் இருக்கும். ப்ளூ-ரேயில் அறுபதுகளில் எடுத்த காட்சிகளும் உண்டு, புதியவையும் உண்டு. எபிசோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் 'ஆங்கிள்' பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். பல ஆண்டுகளாக இந்தத் தொகுப்பைப் பார்த்து வருகிறேன். என் அலமாரியில் உள்ள பழைய தொடர்களில் இவ்வளவு மரியாதையோடு பார்வையாளரை நடத்திய வெளியீடு வேறு இல்லை என்றே சொல்வேன்.

புதிய காட்சிகள் ஏன் தேவைப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய 79 எபிசோட்களும் 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டவை. நாற்பதாம் ஆண்டையொட்டி நெகட்டிவை எச்.டி.யில் ஸ்கேன் செய்தபோது, நடிகர்கள் வரும் காட்சிகள் நேற்று எடுத்தவை போல மின்னின. விண்வெளிக் காட்சிகளின் நிலைமை வேறு. கப்பல் மாடல், நட்சத்திரங்கள், கிரகம் என்று தனித்தனியாக எடுத்த பிலிம்களை ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துச் செய்தவை அவை. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் குருணையும் (பிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) தூசியும் கூடும். அன்றைய சிறிய டிவியில் தெரியாத இந்தக் குறை எச்.டி.யில் அப்பட்டமாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு, பணத்தை மிச்சப்படுத்த ஒரே ஷாட்டைப் பல எபிசோட்களில் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதனால் சி.பி.எஸ். டிஜிட்டல் குழு, தொடரைக் கரைத்துக் குடித்த மைக்கேல் ஒகுடா, டெனிஸ் ஒகுடா, டேவிட் ராஸி ஆகியோரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தக் காட்சிகளை மறுபடி செய்தது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "நேர்த்தியாக இருக்கிறது, புதிய தலைமுறை பார்க்கும்" என்றது ஒரு தரப்பு. "நாற்பது வருடத்துக்கு முன் உழைத்தவர்களின் கைவேலையை அழிக்க நீங்கள் யார்?" என்றது மற்றொரு தரப்பு. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், எபிசோடைப் பொறுத்தது என்பேன். நழுவலான பதிலாகத் தோன்றலாம், ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தெளிவு இதுதான்.

'த டூம்ஸ்டே மெஷின்' எபிசோடில் புதியதைத்தான் ஓடவிடுவேன். கிரகங்களை விழுங்கும் அந்த இயந்திரமும், அதன் வாய்க்கு முன்னால் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் கப்பலும் கதையின் உயிர். அன்று அந்தச் சிதைந்த கப்பலைக் கடையில் விற்ற ஏ.எம்.டி. மாடல் கிட்டைச் சுட்டுப் பொசுக்கித்தான் செய்தார்கள். இயந்திரத்தின் தோற்றம் கதையை எழுதிய நார்மன் ஸ்பின்ராடுக்கே திருப்தி தரவில்லை. புதிய வடிவத்தில் அந்த எபிசோட், எழுதியவர் மனதில் இருந்த அளவுக்கு விரிகிறது. 'அமோக் டைம்' எபிசோடிலும் அப்படித்தான். ஸ்பாக்கின் சொந்தக் கிரகமான வல்கன் அன்று ஸ்டுடியோவுக்குள் அடங்கிய ஒரு சிவப்பு வானம். புதியதில் கிர்க், ஸ்பாக், மெக்காய் மூவரும் உயரமான பாறைப் பாலத்தில் நடந்து போகும் ஒரே ஒரு ஷாட் சேர்ந்திருக்கிறது. அந்த மண்ணுக்கு ஒரு பரப்பு கிடைத்துவிடுகிறது.

'அரீனா' எபிசோடில் பழையதுதான். கோர்ன் என்ற பல்லி மனிதனின் ரப்பர் முகத்துக்குப் புதிய வடிவத்தில் கண் சிமிட்ட வைத்திருக்கிறார்கள். இமைக்காத அந்தக் கண்தான் எனக்குக் கிலியைத் தந்தது. கேப்டன் கிர்க் எதிரே நிற்பது எது என்று நமக்குப் புரியாமல் இருப்பதில்தான் அந்தச் சண்டையின் பயமே இருக்கிறது. சிமிட்டியவுடன் அது ஒரு சாதாரண மிருகமாகிவிடுகிறது. விண்வெளிக் காட்சியைச் சுத்தம் செய்வது ஒன்று, நடிப்பின் மேல் கை வைப்பது வேறு. கோர்ன் வேஷம் போட்டவரும் எதிரே நின்ற வில்லியம் ஷாட்னரும் அன்று அந்த அசையாத முகத்தை வைத்துக்கொண்டுதான் நடித்தார்கள்.

வாங்கிய புதிதில் தெரியாத இன்னொன்று போகப் போகத் தெரிந்தது. புதியதுதான் சீக்கிரம் பழசாகிறது. அன்று அசத்திய கணினிக் கப்பல் இன்றைய பெரிய திரையில் வழுவழுப்பாக, எடையில்லாமல் தெரிகிறது. பழைய கப்பல் சுமார் 11 அடி நீள மாடல், இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மேல் விழுந்தது உண்மையான விளக்கொளி. படம் எவ்வளவு குருணையாக இருந்தாலும் அந்த ஒளி பொய் சொல்வதில்லை. ஓடிடியில் பெரும்பாலும் புதிய வடிவம்தான் கிடைக்கிறது, ஆங்கிள் பொத்தான் கிடையாது. ஒலிக்கும் இதே கதைதான். ப்ளூ-ரேயில் சுற்றிலும் கேட்கும் புதிய 7.1 ஒலியோடு, ஒரே தடத்தில் வந்த அசல் மோனோவும் உண்டு. நான் மோனோவில்தான் கேட்கிறேன். புதிதாகப் பதிவு செய்த தலைப்பு இசை கம்பீரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அது வேறு ஊர் இசை.

அடுத்த தொடரான 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ப்ளூ-ரேயைப் பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன். 1987 முதல் 1994 வரை வந்த 178 எபிசோட்களும் பிலிமில் எடுக்கப்பட்டவைதான். ஆனால் எடிட்டிங்கும் எபெக்ட்ஸும் வீடியோ டேப்பில் நடந்தன. முழு எபிசோட் என்று பிலிமில் எதுவுமே கிடையாது. எச்.டி. வேண்டுமென்றால் 25,000க்கும் மேற்பட்ட பிலிம் சுருள்களைத் தேடி எடுத்து, பழைய டேப்பைப் பார்த்துக்கொண்டே வெட்டுக்கு வெட்டு மறுபடி எடிட் செய்து, கப்பல் மாடல்களின் அசல் பிலிமையும் புதிதாக ஒன்றுசேர்க்க வேண்டும். செய்தார்கள். 2012 முதல் 2014 வரை ஏழு சீசன்களும் வந்தன. ஆயிரக்கணக்கான இடங்களில் கைபட்டும், கைபட்டது தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள். கப்பல் அதே மாடல் கப்பல், கோணம் அதே கோணம். தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் கணினி வந்தது. பிலிம் கிடைக்காத சில துண்டுகளைப் பழைய வீடியோவிலிருந்தே பெரிதாக்கிச் சேர்த்திருக்கிறார்கள், அங்கே படம் சட்டென்று மங்குவது தெரியும். இரண்டாம் சீசன் வேலை வெளியே கொடுக்கப்பட்டது. மற்றவற்றோடு ஒப்பிட்டு ரசிகர்கள் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதே சீசனில் 'த மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடின் 57 நிமிட நீண்ட வடிவத்தையும் தந்தார்கள். ஒளிபரப்பான வடிவம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. மாற்றம் என்றால் இப்படிச் செய்யுங்கள் என்று காட்டலாம்.

படத்தின் அகலத்திலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, பழைய டிவியின் சதுரம் போன்ற 4:3 வடிவம்தான். எங்கள் வீட்டில் இது தீராத பஞ்சாயத்து. மாமா வந்து உட்கார்ந்தால் முதலில் ரிமோட்டைத்தான் எடுப்பார். "ரெண்டு பக்கமும் கருப்பா இருக்கே, இவ்வளவு பெரிய டிவி எதுக்கு வாங்கின?" என்று கேட்டுக்கொண்டே படத்தை இழுத்துத் திரையை நிரப்பிவிடுவார். அந்தத் தொடரின் கேப்டன் பிகார்ட் அரையடி கூடுதலாக அகலமாகிவிடுவார். "மாமா, அவங்க எடுத்ததே இவ்வளவுதான்" என்று மறுபடி சுருக்குவேன். மாமாவின் ஆசையில் தப்பில்லை. அதே ஆசைக்குப் பணிந்து பெரிய நிறுவனங்களே வெட்டிக் கொடுக்கும்போதுதான் வேதனையாக இருக்கிறது. 'த சிம்ப்சன்ஸ்' தொடர் 2019இல் ஓடிடிக்கு வந்தபோது பழைய எபிசோட்களின் மேலும் கீழும் வெட்டப்பட்டிருந்தன. மூன்று வகை பீர் பீப்பாய்களுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் பீர் இறங்குகிறது என்பது ஒரு காட்சியின் நகைச்சுவை. குழாயே திரையில் இல்லை! ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2020இல் 4:3 தெரிவு வந்தது. பழைய டிவிடி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குழாய் எங்கும் போகவில்லை.

'பாபிலோன் 5' என்ற இன்னொரு விண்வெளித் தொடரின் கதை இன்னும் சிக்கலானது. எதிர்கால அகலத் திரையை மனதில் வைத்தே நடிகர்களை அகலப் பிலிமில் எடுத்தார்கள். ஆனால் கணினிக் காட்சிகள் 4:3இல்தான் முடிந்தன. அகலத்திரை டிவிடியில் அந்தக் காட்சிகளை மட்டும் மேலும் கீழும் வெட்டி ஊதிப் பெரிதாக்கியதால், ஒவ்வொரு விண்வெளிச் சண்டையிலும் படம் கலங்கும். 2021இல் வந்த மறுசீரமைப்பும், அதிலிருந்து 2023இல் வந்த ப்ளூ-ரேயும் முழுக்க 4:3. முகங்கள் துலக்கமாக இருக்கின்றன, சண்டைகள் முழுதாகத் தெரிகின்றன, பக்கவாட்டு அகலம் போய்விட்டது. இந்தத் தொடர் பிடித்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ரெட் ட்வார்ப்' என்ற பிரிட்டிஷ் விண்வெளி நகைச்சுவைத் தொடர் சாட்சி. 1998இல் முதல் மூன்று சீசன்களுக்குப் படத்தைப் பிலிம் போலாக்கி, மாடல் கப்பலை நீக்கிக் கணினிக் கப்பலை வைத்து வீடியோ வெளியிட்டார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. 2002 முதல் வந்த டிவிடிகளில் அசலே திரும்பி வந்தது.

தொடாமல் வைத்தால் அது அசல் என்றும் சொல்லிவிட முடியாது. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடரின் அறுபதுகள் எபிசோட்கள் பெரும்பாலும் வீடியோ டேப்பில் பதிவானவை. டேப்பை பி.பி.சி. அழித்துவிட்டது. மிஞ்சியது வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த பிலிம் பிரதி. அதில் வினாடிக்கு 50 முறை மாறிய வீடியோவின் வழுக்கலான அசைவு 25 ஆகச் சுருங்கிவிட்டது. விட்ஃபயர் என்ற முறையால் அந்த அசைவை மீட்டு டிவிடியில் தந்தார்கள். மீட்டதுதான் அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்ட படம். அதே தொடரின் 'டே ஆஃப் த டாலெக்ஸ்' கதையில் ஒரு வீட்டைத் தாக்க வரும் டாலெக் (ரோபோ போன்ற எதிரிகள்) படையில் மொத்தமே மூன்றுதான். 2011 டிவிடியில் கூடுதல் டாலெக்குகளைப் புதிதாகப் படமெடுத்து, நிக்கோலஸ் பிரிக்ஸ் குரலில் மறுபடி பேசவைத்து ஒரு சிறப்பு வடிவம் செய்தார்கள். 1972 வடிவமும் கூடவே உண்டு. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

யு.கே. டிஸ்க் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்க்குகள் அந்தந்த மண்டலத்துக்கான ப்ளேயரில்தான் ஓடும்படி பூட்டப்பட்டிருக்கும். டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலம், யு.கே. 2ஆம் மண்டலம். ப்ளூ-ரேயில் நாம் சி, அவர்கள் பி. எல்லா மண்டலமும் ஓடும் ப்ளேயர் இல்லாமல் இறக்குமதி செய்து ஏமாறாதீர்கள்.

பாட்டு மாறுவதைத்தான் என்னால் கடைசிவரை ஏற்க முடிவதில்லை. அன்று ஒளிபரப்புக்கு மட்டும் உரிமை வாங்கியிருப்பார்கள், வீட்டு வெளியீடு என்று ஒன்று வரும் என யாரும் நினைக்கவில்லை. ஸ்டார் டிரெக் முதல் தொடரின் 'த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடில் கிர்க்கும் அவர் காதலிக்கும் எடித் கீலரும் 1930இன் நியூயார்க் தெருவில் நடக்கும்போது 'குட்நைட் ஸ்வீட்ஹார்ட்' ஒலிக்கும். அதன் மெட்டு பின்னணி இசையிலும் இழைந்து வரும். பழைய வீடியோ டேப்பில் பாடலை நீக்கியதோடு அந்தப் பின்னணியையும் மாற்ற வேண்டியதாயிற்று. எடித்துக்கு என்ன நேரும் என்பதை நமக்கு முன்கூட்டிச் சொன்னதே அந்த மெட்டுதான். நல்லவேளை, டிவிடியில் பாடல் திரும்பிவிட்டது. வானொலி நிலையத்தையே களமாகக் கொண்ட 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி'யின் 2007 டிவிடியில் பல பாடல்கள் போய்ப் பொதுவான இசை வந்தது. 2014 தொகுப்பில்தான் கணிசமானவை மீண்டன.

இப்போது நான் காத்திருப்பது ஸ்டார் டிரெக்கின் இன்னொரு தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்'க்கு. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' டிஸ்க்குகள் எதிர்பார்த்த அளவு விற்காததால் அதற்கு அந்த உழைப்பு கிடைக்கவில்லை. 2019இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காகச் சில காட்சிகளை நெகட்டிவிலிருந்து எச்.டி.யில் எடுத்தார்கள். அதன் நாயகன் கேப்டன் சிஸ்கோவின் முகத்தை அந்தத் துலக்கத்தில் பார்த்தபிறகு என் டிவிடியைப் போட்டால் மனம் ஒட்டவே மறுக்கிறது. பிந்தைய சீசன்களின் போர்க்காட்சிகள் கணினியில் குறைந்த தரத்துக்காகச் செய்தவை, அவற்றைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். தாராளமாகச் செய்யட்டும். 4:3இல் தரட்டும், பழைய போர்க்காட்சிகளையும் அதே டிஸ்க்கில் வைக்கட்டும். முன்பதிவு திறக்கும் அன்றே பணம் கட்டிவிடுவேன்.