திருகோணமலையில் ஓட்டோகாட் படிக்கக் காசு கட்டப் போகிறவர்களுக்கு

"மூன்று மாதத்தில் படவரைஞர் ஆகலாம், சர்வதேசச் சான்றிதழ் உறுதி" என்று திருகோணமலை நகரில் துண்டுப்பிரசுரம் கொடுக்கிற ஒரு தனியார் நிலையத்தில் ஓட்டோகாட் (கட்டடப் படங்களைக் கம்பியூட்டரில் வரைகிற மென்பொருள்) படித்தேன். கட்டணம் 38,000 ரூபா, முழுக் காசும் முதலிலேயே. ஏ.எல். முடித்த பிள்ளைகள் பலர் அந்த இடத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதல் மாதம் முழுக்கக் கட்டளைகளின் பெயர்கள்தான். டிரிம், ஒஃப்செட், மிரர் என்று பலகையில் எழுதிப் போட, நாங்கள் கொப்பியில் எழுதினோம். மூன்று பேருக்கு ஒரு கம்பியூட்டர். சரி, இடவசதி இல்லை என்று அதை விட்டுவிடலாம். ஆனால் அலகைப் பற்றி ஒரு சொல் சொல்லித் தரவில்லை. ஓட்டோகாட்டில் 1 என்று அடித்தால் அது மில்லிமீற்றரா மீற்றரா என்று வரைகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். மீற்றரில் வரைந்த வீட்டுக்குள் மில்லிமீற்றரில் வரைந்த கதவு பிளொக் (முன்கூட்டியே வரைந்து வைத்த உருவம்) ஒன்றை ஒரு பிள்ளை கொண்டுவந்து போட்டாள். கதவு 900 மீற்றர் அகலத்தில் விழுந்தது. 0.001 என்று ஸ்கேல் பண்ணச் சொல்லியிருந்தால் முடிந்தது. சேர் மவுஸால் இழுத்துச் சுருக்கிக் காட்டிவிட்டு, "கண்ணுக்குச் சரியாத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

இதைவிட மோசமானது அளவு போடுகிற விதம். அறை 3.60 மீற்றர் வர வேண்டிய இடத்தில் நான் வரைந்தது 3.42 வந்தது. கோட்டைத் திருத்தப் போனேன். "அதுக்கேன் மினக்கெடுறீங்க தம்பி, அளவில ரெண்டு தரம் கிளிக் பண்ணி 3.60 எண்டு அடிச்சு விடுங்கோ" என்றார். வகுப்பு முழுக்க அப்படித்தான் பழகினோம். தாளில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

உப்புவெளிப் பக்கம் ஒரு படவரைஞர் அண்ணையிடம் வேலை கேட்டுப் போனபோது குட்டு வெளிப்பட்டது. என் கோப்பைத் திறந்தார், டி.ஐ. என்று தூரம் அளக்கிற கட்டளையை அடித்தார், சுவரின் இரண்டு மூலைகளையும் தொட்டார். கீழே 3.42 என்று வந்தது. மேலே நான் எழுதியிருப்பது 3.60. "தம்பி, மேசன் எழுத்தைப் பார்த்துக் கட்டுவான். நான் கோட்டைப் பார்த்து ஓடு, கம்பி, சீமெந்துக் கணக்குப் போடுவன். ரெண்டும் எங்க சந்திக்கும்?" என்று கேட்டார். திட்டவில்லை, கோப்பை மூடிவிட்டார்.

சான்றிதழ் கதை வேறு. இலங்கையில் தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். இது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடினேன், இந்த நிலையத்தின் பெயர் இல்லை. அவர்கள் தந்தது தங்கத் தாள் ஒட்டிய கலர் பிரின்ட். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் என்று ஒன்றும் அதில் கிடையாது.

மென்பொருளும் களவுப் பிரதிதான். எங்கள் லப்டொப்பில் போட்டுத் தர அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்கள், அன்டிவைரஸை நிறுத்திவிட்டு. தகுதியுள்ள கல்வி நிறுவனங்களில் படிக்கிறவர்களுக்கு ஓட்டோகாட்டைத் தயாரிக்கிற ஓட்டோடெஸ்க் நிறுவனம் இலவச அனுமதியே தருகிறது. அது கிடைக்காதவர்களுக்கு லிப்ரேகாட், ஃபிரீகாட் என்ற இலவச வரைதல் மென்பொருள்கள் இருக்கின்றன, ஒரு சதம் செலவில்லை. இரண்டையும் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டில் பொடி எழுத்தில் "மீளளிக்கப்படமாட்டாது" என்று இருந்ததைக் காட்டினார்கள்.

நீங்கள் எங்கே சேரப் போனாலும், கட்டுவதற்கு முன் படிப்பிக்கிறவரிடம் ஓர் அறை வரைந்து, லேஅவுட்டில் (பிரின்டுக்கான தாளை அமைக்கிற பக்கம்) 1:100 அளவில் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். 3.60 மீற்றர்ச் சுவர் தாளில் அடிமட்டத்துக்கு 36 மில்லிமீற்றர் வர வேண்டும். "அதெல்லாம் கடைசிப் பாடம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே அங்கே படித்தவர்கள் வைத்திருக்கிற கோப்புகளையும் திருத்தலாம். அளவுகளை எல்லாம் தெரிவு செய்து, புரொப்பர்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைட் (Text override) என்ற கட்டத்தில் கையால் அடித்திருப்பதை அழித்துவிடுங்கள். உண்மையான நீளங்கள் வந்து நிற்கும். பிறகு ஸ்ட்ரெச் கட்டளையால் சுவர்களைச் சரியான அளவுக்கு இழுக்க வேண்டியதுதான். என்னுடைய பிளானில் குசினியைத் தவிர எல்லா அறையும் மாறியது.