‘விண்வெளிச் சூரிய மின் நிலையம்’ மாதிரி கிட்: ஓர் ஆசிரியரின் மதிப்புரை

ஏற்காட்டில் உள்ள எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக, ‘விண்வெளிச் சூரிய மின் நிலையம்: இயங்கும் மாதிரி’ என்று பெட்டியில் அச்சிட்ட கிட் ஒன்றைச் சேலத்திலுள்ள ஒரு மின்னணு உதிரிபாகக் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கினோம். உள்ளே சிறிய சோலார் பேனல், இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள், சர்க்யூட் போர்டு, எல்.இ.டி. விளக்கு, தெர்மாகோல் செயற்கைக்கோள் ஆகியவை இருந்தன. பாகங்கள் தரமானவை, எட்டாம் வகுப்பு மாணவர்களே யாருடைய உதவியுமின்றிப் பூட்டிவிட்டார்கள். பேனலை வெயிலில் வைத்து, ஒரு சுருளின் மேல் மற்றொன்றைப் பிடித்தவுடன் விளக்கு எரிந்தது.

ஆனால் சுருள்களைச் சில அங்குலம் விலக்கினாலே விளக்கு அணைந்துவிடுகிறது. இது கிட்டின் பழுது அன்று. இதில் நடப்பது மின்காந்தத் தூண்டல்: ஒரு சுருளின் மாறும் காந்தப்புலம் மற்றொரு சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. செல்போனை வயர்லெஸ் சார்ஜரில் வைக்கும்போது நடப்பதும் இதுவே. சுருளின் அகலத்தைத் தாண்டியதும் காந்தப்புலம் மிக விரைவாக வலுவிழக்கும். அதைக் கற்றையாகக் குவித்துத் தொலைவுக்கு அனுப்ப இயலாது. பெட்டியின் பெயர் சுட்டும் திட்டமோ நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) நம்பியது.

1968-இல் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் முன்வைத்த அத்திட்டத்தின்படி, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதி இரவே இல்லாத புவிநிலைச் சுற்றுப்பாதையில் (தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் பாதை) பேனல்களை நிறுத்தி, அங்கு கிடைக்கும் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றித் தரைக்கு அனுப்ப வேண்டும். 1970களின் இறுதியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் ஆராய்ந்த வடிவமைப்பில், 5 ஜிகாவாட் மின்சாரத்துக்காக, விண்ணில் 1 கி.மீ. விட்டமுள்ள ஆன்டெனாவும், தரையில் ஏறத்தாழ 10 கி.மீ. அகலமும் 13 கி.மீ. நீளமும் கொண்ட, நுண்ணலையைப் பெற்று மின்சாரமாக மாற்றும் நீள்வட்ட ஏற்பியும் வேண்டியிருந்தன. சேலம் மாநகராட்சியின் பரப்பைவிட அது சற்றுப் பெரியது. ஆன்டெனாவைச் சிறிதாக்கினால் கற்றை மேலும் விரிந்து, தரையில் இன்னும் அதிக இடத்தைக் கேட்கும். இந்தக் கணக்குதான் திட்டத்தின் உயிர்நாடி. கிட்டுடன் வரும் விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கினால் இந்தப் பேனலின் மின்சாரம் உடனே சரிந்துவிடுகிறது. அந்த வடிவமைப்பில் பயன்படும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட நுண்ணலையோ பனியையும் மேகத்தையும் மிகக் குறைந்த இழப்புடன் கடந்துவிடும். பேனலை ஏன் விண்ணில் வைக்க வேண்டும் என்பதற்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதில் மனத்தில் பதியும் விளக்கம் கிடையாது.

இவை வெறும் கற்பனையும் அல்ல. 1975-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில், 1.5 கி.மீ. தொலைவுக்கு நுண்ணலை வழியே அனுப்பி, 30 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைப் பெற்றுக் காட்டினார்கள். நுண்ணலையை நேர்மின்னோட்டமாக மாற்றும் ஏற்பியை உருவாக்கிய வில்லியம் பிரவுன் அதில் முக்கியப் பங்காற்றினார். 2023-இல் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) நிறுவனத்தின் சிறிய கருவி, சுற்றுப்பாதையிலிருந்து அனுப்பிய நுண்ணலையைப் பாசடீனாவில் உள்ள அதன் வளாகத்திலேயே உணர்ந்தறிந்தார்கள்.

மின்காந்தத் தூண்டலைக் கற்பிக்க நினைக்கும் ஆசிரியர்கள் இந்தக் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். உண்மையான நுண்ணலையைக் காட்டும் ஆர்வத்தில் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்ற எந்த மாணவரையும் அனுமதிக்காதீர்கள். அதிலுள்ள உயர் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கும். விற்பவர்கள் பெட்டியின் மேல் ‘கம்பியில்லா மின் தூண்டல் மாதிரி’ என்று அச்சிட்டு, விளக்கத் தாளில் நுண்ணலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கம் சேர்த்தால், அடுத்த ஆண்டு வகுப்புக்கு இரண்டு கிட்டாக வாங்கும்படி எங்கள் தலைமையாசிரியரிடம் நானே பரிந்துரைப்பேன்.