காதர்பேட்டையில கைக்கொழந்த துணி: ஒரு பழைய செக்கிங்காரி ரிவ்யூ

தங்கச்சிக்கு அடுத்த மாசம் டெலிவரிங்க. கட்டுச்சோறு முடிஞ்சு காங்கயத்துக்கு அம்மா ஊட்டுக்கு கூட்டிட்டு வந்தாச்சு. அம்மா என்னடான்னா, கொழந்த பொறக்கறக்கு முன்னாடி ஒரு நூலு கூட வாங்கப்படாது, மொதல்ல பழைய வேட்டித் துணியிலதான் சுத்தோணும்னு ஒரே புடி. பழைய துணி மெத்துனு இருக்கும், அதுல எனக்கு சண்டையில்ல, ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வந்த ராத்திரி எவன் கடைக்கு ஓடறது? கடைசில, வாங்கிக்கலாம் ஆனா தங்கச்சி இருக்கற ஊட்டுக்குள்ள கொண்டாரப்படாது, பெருந்துறைல எங்கூட்டு பீரோவுலயே இருக்கோணும்னு பேசி முடிச்சுட்டு நானும் அம்மாவும் திருப்பூர் காதர்பேட்டைக்கு கெளம்பிட்டோம்.

ரயில்வே ஸ்டேஷன்ல எறங்குனா நடந்தே போயிரலாம். சந்து சந்தா பனியன் கடை. எக்ஸ்போர்ட்ல மிஞ்சுனது, ரிஜெக்ட் ஆனது, லோக்கலா தைச்சது எல்லாம் ஒரே மேசைல கலந்து கெடக்கும், கடைக்காரங்க எல்லாத்தையுமே எக்ஸ்போர்ட் பீஸுன்னுதான் சொல்லுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தவ, அதனால அவங்க பேச்ச காதுல வாங்காம பீஸ உள்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் பாப்பேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க. வெளிய பூனைக்குட்டி பிரிண்ட் அழகா இருக்கும், உள்ள துணி ஓரம் பிரியாம இருக்கப் போடற ஓவர்லாக் தையல் கயிறாட்டம் தடிச்சுக் கெடந்தா கைக்கொழந்தைக்கு அக்குள்ல செவந்துரும். தையல் மேல விரல மெதுவா ஓட்டிப் பாருங்க. கம்பெனில ஊசி ஒடஞ்சா துண்டு கெடைக்கற வரைக்கும் தேடச் சொல்லுவாங்க, பேக்கிங்குக்கு முன்னாடி மெட்டல் டிடெக்டர்ல விடுவாங்க, ஆனா ரிஜெக்ட் ஆன பீஸ் எந்த டேபிள்ல இருந்து நேரா மூட்டைக்கு வந்துச்சுன்னு யாருக்குங்க தெரியும்? ப்ரெஸ் பட்டன நல்லா இழுத்துப் பாத்துருங்க, லூசா வந்தா அது கொழந்த வாய்க்குத்தான் போகும்.

நாங்க எடுத்ததுல பெஸ்ட்டுன்னா இன்டர்லாக் துணில தைச்ச ஜப்லா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழன்னு இருக்கும், ஓரம் சுருளாது, முன்னாடி தொறந்து நாடா போட்டு கட்டற மாதிரி இருந்ததால தலை வழியா மாட்டற வேலையே இல்ல. ஷேடு கொஞ்சம் மாறிப்போனதாலதான் ரிஜெக்ட் ஆயிருக்கோணும், அதனால நம்ம கொழந்தைக்கு என்ன வந்துது. ஆன்லைன்ல ஒரு செட்டுக்கு கேக்கற காசுக்கு இங்க மூணு செட்டு வாங்கியாச்சு.

எக்ஸ்போர்ட்டுன்னு சொன்னதும் மயங்கிராதீங்க. பாதி குளிர் நாட்டு கொழந்தைக்கு தைச்சது, உள்பக்கம் பஞ்சு எழுப்புன துணி, கால் வரைக்கும் மூடுன சூட்டு. அம்மா ஒண்ண எடுத்து நெஞ்சோட வெச்சு "ஏங்கண்ணு இது எத்தன அழகா இருக்குது பாரு"ன்னுது. வேசகாலத்துல அத போட்டா கொழந்த வெந்தே போயிரும்மான்னு புடுங்கி வெச்சேன். சைஸும் நம்ம கணக்கு இல்ல. 56, 62, 68ன்னு ஐரோப்பா லேபிள்ல இருக்கறது கொழந்தையோட ஒசரம், சென்டிமீட்டர்ல. நம்மூர்ல பொறக்கறப்ப 50 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், மளமளன்னு வளந்துரும், அதனால 56 ரெண்டு மூணு போதும், மிச்சத்த 62, 68ல எடுங்க. சின்ன சைஸெல்லாம் ஒறம்பரைக எப்படியும் கொண்டாந்து குவிச்சுருவாங்க.

இன்னொண்ணு, வெளிநாட்டு ஆர்டர்ல சின்னக் கொழந்த துணிக்கு கழுத்துலயோ தொப்பியிலயோ இழுத்துச் சுருக்கற கயிறு வெக்க விடமாட்டாங்க. இங்க லோக்கல்ல தைச்ச குல்லால எல்லாம் நீளமா தொங்குது. வாங்குனா உருவிப் போட்டுருங்க.

கோவம் வந்த எடமும் இருக்குது. ஒரு கடைல டவல் நூறு பர்சன்ட் காட்டன்னு அடிச்சு சொன்னாரு. தடவறப்பவே எனக்கு டவுட்டு, ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வெளிய டீக்கடைக்கு வந்து நூல் உருவி தீக்குச்சில காட்டுனேன் (கடைக்குள்ள கொளுத்திராதீங்க சாமி, அத்தனையும் துணி). காட்டனா இருந்தா காயிதம் எரியற வாசம் வந்து சாம்பலாகோணும், இது உருகி கருப்பா குண்டுமணி மாதிரி உருண்டுச்சு. திருப்பிக் குடுக்கப் போனா "ஹோல்சேல்ல ரிட்டன் கெடையாதுங்க்கா"ன்னு மொகத்தப் பாக்காம சொல்றாரு. அது இப்ப எங்கூட்ல வண்டி தொடைக்குது. டவலுக்கு சென்னிமலை துண்டே தேவலாம்.

மாசமா இருக்கறவங்கள தயவுசெஞ்சு கூட்டிட்டு போகாதீங்க. சந்துல மூட்டை தூக்கறவங்களும் டூவீலரும் இடிச்சுட்டே போவாங்க, உக்கார எடமில்ல, பாத்ரூமுக்கு திண்டாடிப் போயிருவீங்க. ஞாயித்துக்கெழமன்னா நாமளே நசுங்கிருவோம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பாக்கறவங்களா இருந்தா மெத்தை, கொசுவலை, சோப்பெல்லாம் இப்பவே வாங்காம பொறுங்க, 2015ல ஆரம்பிச்ச கவர்மெண்ட் திட்டத்துல, அங்க பொறக்கற கொழந்தைக்கு பெட்டகம்னு 16 பொருள் குடுத்தாங்க, உங்களுக்கு என்ன கெடைக்குதுன்னு வார்டுல கேட்டுட்டு வாங்கலாம்.

வாங்குனத தொவைக்காம போடாதீங்க, கஞ்சியும் கெமிக்கலும் இருக்கும். எங்கம்மா அதுக்கும் விடல, தொவைச்சா உபயோகப்படுத்துன மாதிரியாம், பொறந்த சேதி வந்ததும் எங்கூட்டுக்காரர்தான் அலசிப் போடோணும்னு உத்தரவு. கழுத்து லேபிள மட்டும் கத்தரில வெட்டாதீங்க, மிஞ்சற வெளும்பு முள்ளாட்டம் குத்தும், தையலப் பிரிச்சு முழுசா எடுத்துருங்க.