வீட்டுக்கு வரும் தெரபிஸ்டா, பயிற்சி பெற்ற பெற்றோரா?

ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைக்கு வீட்டில் உதவ இந்த இரண்டில் எது என்று பலர் தடுமாறுகிறார்கள்.

செலவு: தெரபிஸ்டுக்கு மணிக்கணக்கில் பணம். பெற்றோர் பயிற்சி அப்படி நீளாது. உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் 9 குழு வகுப்புகள், 3 வீட்டுச் சந்திப்புகளோடு முடிந்துவிடும்.

நேரம்: தெரபிஸ்ட் வருவது வாரத்தில் சில மணி நேரம். நீங்களோ குளியல், சாப்பாடு, தூக்கம் என்று கூடவே இருக்கிறீர்கள். சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்டு, மறு கையைக் குழந்தையே நீட்டும்வரை பொறுமையாகக் காத்திருப்பதும் பயிற்சிதான்.

திறமை: இதில் தெரபிஸ்ட்தான் மேல்.

சோர்வு: பெற்றோருக்கே அதிகம். அம்மா ஒருவரே சுமக்கக் கூடாது.

பேச்சு, விளையாட்டு வளர வேண்டுமா? பெற்றோர் பயிற்சியில் தொடங்குங்கள். தன்னையே அடித்துக்கொள்ளும் குழந்தை என்றால் முதலில் தெரபிஸ்ட். அப்போதும் நீங்கள் அறையை விட்டுப் போகாதீர்கள்.